நீலக்கலம் மதகு புகாத படலம்

வாழி, அன்செல்ம்! வாழி, நீர்மேல் நெடுந்தகை! நடுங்கும் கைகளுக்கு வண்டியோட்டக் கற்பித்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக்கை மிதித்த ஒற்றைக் காலால் ஊரில் பாதிப்பேரின் உயிரைக் காத்து, ஓய்வு பெற்ற மறுவாரமே ‘இனித் தரையை நம்புவதற்கில்லை’ என்று சூளுரைத்து, இல்லாளையும் இரண்டு பூந்தொட்டிகளையும் ஒரு காப்பிச் சட்டியையும் ஏற்றிக்கொண்டு இரும்புப் படகொன்றில் குடிபுகுந்த ஏந்தலே, வாழி! நின் தொப்பி வாழி! அத்தொப்பிக்கடியில் முடி இருப்பதாக ஊரார் இன்னும் கொண்டிருக்கும் நம்பிக்கையும் வாழி! ஈஸ்டர் திங்களன்று, நண்பகல் நெருங்கும் வேளையில், வில்ரோசே மதகின் வாயிலில் நீ நிகழ்த்திய பெரும்போரைப் பாடத் துணிந்தோம். இரத்தம் சிந்தாத போர்தானே என்று எவரும் எளிதாக எண்ணற்க. இரத்தம் சிந்தினால் மருந்து போடலாம்.

நாட்டு வளம் பாடாமல் போருக்குள் புகுவது முறையன்று என்பதால் அதையும் பாடித் தொலைப்போம். பர்கண்டி நாட்டில் இளவேனில் வந்தது. வயல்கள் மஞ்சள் போர்த்தன. பாப்ளர் மரங்கள் பஞ்சு பறக்கவிட்டு மக்களைத் தும்மச் செய்தன. வாத்துகள் தம் குஞ்சுகளை வரிசைப்படுத்திக்கொண்டு, கால்வாய் தமக்கே எழுதிவைக்கப்பட்டதென்ற எண்ணத்தோடு நடுநீரில் சென்றன. இளவேனிலின் வரவைக் கழனியில் இருப்போர் குயிலின் குரலால் அறிவர். படகே வீடாகக் கால்வாயில் வாழ்வோரோ பெயின்ட் வாடையால் அறிவர். குளிர்காலமெல்லாம் பழுதுபார்ப்பதற்காக மூடிக் கிடந்த மதகுகள் ஒவ்வொன்றாய்த் திறக்குமுன், கரைநெடுகத் துருச் சுரண்டும் ஓசை எழும். மூக்கிலும் முழங்கையிலும் நிறம் அப்பிய முதியோர் ஒருவர் படகை மற்றவர் ஓரக்கண்ணால் அளந்து, “நல்லா வந்திருக்கு” என்று வாயால் சொல்லி, மனத்துக்குள் வேறு சொல்வர்.

அவருள் தலையானவன் அன்செல்ம். அவன் கலத்தின் பெயர் ‘கண்ணியம்’. முற்பிறப்பில் நிலக்கரி சுமந்தது; அண்மைக்காலம் வரை செங்கல்லின் சிவப்பில் செதில் செதிலாய் உரிந்துகொண்டிருந்தது. இந்தக் குளிர்காலத்திலோ அவன் தன் மூட்டுவலியை மறந்து, பண்டிகைகளைத் துறந்து, தேய்த்துப் பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடி பூசி, அதனை நள்ளிரவு வானின் நீலத்தில் மூழ்கடித்துவிட்டான். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். பலமுறை குனிந்து பார்த்தான்.

எதற்காக இத்தவம்? சகலைக்காக. மனைவியின் தங்கையைக் கட்டியவன் என்னும் அந்த உறவு, எந்நாட்டிலும் எம்மொழியிலும் வாழ்வை உரசிப் பார்ப்பதற்கென்றே படைக்கப்பட்டது. சகலையின் பெயர் ரெஜிஸ். வில்ரோசே மதகுக்கு அப்பால், மேல்நீரின் கரையிலேயே அவனுக்கு வீடும் தோட்டமும் உண்டு. ஆண்டுதோறும் ஈஸ்டர் திங்களன்று அங்கே ஆட்டுத்தொடை வெந்துகொண்டிருக்கும், குடும்பம் முழுவதும் தோட்டத்தில் கூடியிருக்கும், அன்செல்மின் படகு வளைவில் தோன்றியதும் ரெஜிஸ் கையில் கோப்பையோடு எழுந்து நின்று, “என்னப்பா, கோழிக்கூண்டு இன்னும் மிதக்குதா?” என்பான். எல்லோரும் சிரிப்பர். மிரேய்கூடச் சிரிப்பாள், அவள் அன்செல்மின் மனைவி.

ஆகவே அன்செல்ம் ஆணையிட்டான்: இவ்வாண்டு ‘கண்ணியம்’ ஒரு கீறலும் இன்றி, ஒரு சிராய்ப்பும் இன்றி, மணப்பெண்போல் அத்தோட்டத்தின் முன்னே சென்று நிற்கும், கோழிக்கூண்டு என்ற வாய் அடைபடும். கலத்தின் விலாவில் தொங்கும் மோதுதாங்கி உருளைகளுக்கு மிரேய் நீலக் கம்பளி நூலில் உறை பின்னிப் போட்டிருந்தாள். தன் கால்களுக்கு அப்படி ஒரு காலுறை கேட்டு அவன் பல குளிர்காலம் காத்திருக்கிறான் என்பது வேறு கதை.

“லிலியான் பன்னண்டரைக்குக் கறியை மேசையில வெச்சிருவா,” என்றாள் மிரேய், கட்டுக்கயிற்றை அவிழ்த்தவாறே. “என் தங்கச்சி யாருக்காகவும் காத்திருக்க மாட்டா. புருஷனுக்காகவே காத்திருக்க மாட்டா.”

“கவலைப்படாதே. இன்னைக்கு உன் தங்கச்சி புருஷன் வாயைத் திறந்தா ஈதான் உள்ள போகும்.”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே.”

“போன வருஷம் பெயின்ட் இல்லையே!”

என்று கூறிச் சுக்கான் பற்றினான் சுடர்த்தொப்பியோன். எஞ்சின் இருமிற்று. நீர் பிளந்தது. வாத்துகள் வழிவிட மறுத்தன. ‘கண்ணியம்’ அவற்றைச் சுற்றிக்கொண்டு சென்றது.

இவ்விடத்தில் போர்க்களத்தின் இயல்பைக் கூறுதல் வேண்டும். மதகென்பது கால்வாயின் மாடிப்படி. கீழ்நீரில் வரும் படகுகள் கல்சுவர்களுக்கிடையே உள்ள கிடங்கில் நுழைந்து ஒன்றன்பின் ஒன்றாய் நிற்க, பின்கதவு மூடும், முன்கதவின் ஷட்டரைத் திறந்தால் மேல்நீர் இரைந்து பாய்ந்து கிடங்கை நிரப்பும், படகுகள் உயரும். எளிய செயல்தான். ஆனால் முன்னே நிற்கும் படகின் கதி என்ன? பாய்ந்து வரும் வெள்ளம் அதன் மூக்கைப் பிடித்து இடச்சுவரில் அறைந்து, வலச்சுவரில் தேய்த்து, கயிறுகளை முறுக்கி, கம்பளி உறைகளைப் பிழிந்துவிடும். பின்னே நிற்கும் படகோ தொட்டிலில் இட்ட பிள்ளைபோல் ஆடாமல் அசையாமல் எழும். இதனைக் கால்வாய்வாசிகள் அனைவரும் அறிவர். அறிந்ததாக எவரும் காட்டிக்கொள்வதில்லை. முதலில் வந்தவர் முதலில் நுழைந்து முன்னே நிற்பது கால்வாயின் நெறி. எனவே பெயின்ட் காய்ந்த மாதங்களில், முதலில் வந்துவிடக்கூடாதே என்பதே அவர்களின் பிரார்த்தனை.

அன்செல்ம் முதலில் வந்துவிட்டான்.

வந்து, வாய் பிளந்து நின்ற மதகைக் கண்டு, நெஞ்சம் திடுக்கிட்டுத் திரும்பி நோக்கினான். அப்பொழுது வளைவில், புதுத் தளிரின் பசுமையும் பச்சைப் பட்டாணியின் பளபளப்பும் ஒருங்கே கொண்டு, வெயிலைத் தன் மேனியில் வாங்கிக் கண்ணில் அடித்தபடி, ‘சகோதரத்துவம்’ என்னும் நெடும்படகு தோன்றிற்று. அதன் முனையில் ஒரு சிறு நாய் போர்முரசென இடைவிடாது குரைத்தது. சுக்கானில் நின்றவன் திபூர்ஸ்: ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், பிறர் சொத்துத் தகராறுகளில் பழுத்த பழம், சொல்லை நிறுத்து எடுப்பவன். அவன் படகின் பச்சையும் இந்த வசந்தத்துப் பச்சையே என்பதை ஒரே மோப்பத்தில் உணர்ந்தான் அன்செல்ம். உணர்ந்தான், எஞ்சினைத் தணித்தான். திபூர்ஸும் தணித்தான். அன்செல்ம் மேலும் தணித்தான். உலகில் வேகத்துக்குப் பந்தயம் வைத்தோர் பலர். இவ்விருவரும் நத்தைகள் வெட்கித் தலைகுனியும் வண்ணம் மெதுவுக்குப் பந்தயம் வைத்து, ஈற்றில் மதகின் முன்னே பக்கம்பக்கமாய் அசைவற்று நின்றனர்: இடப்புறம் நீலம், வலப்புறம் பச்சை.

மதகின் மேலே இடுப்பில் கை வைத்து நின்றாள் கிஸ்லேன், ஷட்டர்களின் அரசி, கதவுகளின் காவலி.

“ரெண்டு படகும் கொள்ளும்! வாங்க, வாங்க! யாரு முதல்ல?”

இரு சுக்கான்களும் அசையவில்லை. பின்பு அன்செல்ம் தொப்பியை உயர்த்தி (முழுவதும் உயர்த்தவில்லை) முதல் கணையைத் தொடுத்தான்.

“ஐயா, நீங்க முதல்ல போங்க. நாங்க சும்மா ஊர் சுத்துறவங்க. ஒரு அவசரமும் இல்ல.”

“அவசரம் இல்லையா?” என்றது மிரேய் நின்ற சமையலறைச் சன்னல்.

“ஐயையோ, அது எப்படிங்க?” என்று திபூர்ஸ் அக்கணையைக் காற்றிலேயே முறித்தான். “முதல்ல வந்தது நீங்க. நெறின்னு ஒண்ணு இருக்கில்ல?”

“நான் எங்கங்க வந்தேன்? தண்ணி தள்ளிக்கிட்டு வந்துடுச்சு.”

“கால்வாய்ல ஓட்டமே கிடையாதுங்களே.”

“அதான் எனக்கும் ஆச்சரியம்.”

திபூர்ஸ் புன்னகைத்தான். வழக்காடு மன்றங்கள் பல கண்ட புன்னகை அது. அவன் தூணியின் அடியிலிருந்து, எவராலும் தடுக்கவொண்ணாப் பேராயுதத்தை எடுத்து எய்தான்: “உங்க படகுல அம்மா இருக்காங்க. நான் தனிக்கட்டை. பெண்கள் முதல்லதானே போகணும்?”

வானம் இருண்டதா? இல்லை, நல்ல வெயில். ஆயினும் அன்செல்மின் கண்கள் இருண்டன. இதற்கு மறுப்பு எந்தச் சாத்திரத்திலும் இல்லை. ஆனால் சாத்திரம் முடியும் இடத்திலன்றோ வீரம் தொடங்குகிறது!

“அவளுக்கு முன்னால நின்னா தலை சுத்துங்க. பின்னாலன்னாத்தான் ஒத்துக்கும்.”

“எனக்கா?” என்றது சன்னல்.

“அவளே இப்பத் தலை சுத்திப் பேசுறா, பாருங்க.”

இவ்வாறு கணைக்குக் கணையாய், வணக்கத்துக்கு வணக்கமாய், இருவரும் பெருமழையெனப் பணிவைப் பொழிந்தனர். வயதில் மூத்தவர் நீங்கள் என்றான் ஒருவன். அனுபவத்தில் மூத்தவர் தாங்கள் என்றான் மற்றவன். அன்செல்ம் எஞ்சின் கோளாறு என்று கீழே இறங்கி, ஒன்றுமே பழுதில்லாத இரும்பைச் சுத்தியால் அடித்து ஓசை எழுப்பினான். திபூர்ஸ் தொலைநோக்கியை எடுத்து, கரையில் ஒரு நாரை தியானத்தில் இருப்பதாகவும் அது கலையும்வரை தான் நகர்வது பாவமென்றும் அறிவித்தான். நாரை பறந்துபோயிற்று. அவன் நகரவில்லை.

“சரி, உண்மையைச் சொல்லிடறேன்,” என்றான் அன்செல்ம், கையைத் துடைத்துக்கொண்டே. “உங்க பச்சை இருக்கே, அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கிட்டே வரணும்னு ஒரு ஆசை.”

“உங்க நீலத்துக்கு முன்னால என் பச்சை எம்மாத்திரம்? என்ன ஒரு நீலம்! என்ன ஒரு மினுமினுப்பு! எத்தனை பூச்சுங்க?”

பொறியில் வைத்த பாலாடைக்கட்டியென இனித்தது அச்சொல். குளிர்காலம் முழுவதும் ஒருவரும் கேளாத கேள்வி. மிரேய்கூட ‘வாடையில தலை வலிக்குது’ என்றாளேயன்றிப் பூச்சைப் பற்றி ஒரு சொல் கேட்டாளில்லை. அன்செல்மின் உள்ளம் உருகி, கண் பனித்து, கை தானாகவே விசைப்பிடியை நோக்கி நகர்ந்தது. இப்பெருந்தகைக்காகச் சுவரில் உரசினாலும் தகும் என்று ஒரு கணம், ஒரே கணம், எண்ணினான். அப்பொழுது மேல்நீரின் காற்றில் ஆட்டுத்தொடையின் மணம் மிதந்து வந்தது. மணத்தின் பின்னே, கையில் கோப்பையோடு எழுந்து நிற்கும் ரெஜிஸின் உருவம் வந்தது. கை பின்வாங்கியது.

“பூச்சா? நிறைய. பின்னால நின்னா உங்களால எண்ண முடியாது. முன்னால நின்னு திரும்பிப் பாருங்க, தெளிவாத் தெரியும்.”

“என்னய்யா இது!” என்று மேலிருந்து இடித்தாள் கிஸ்லேன். “மதகுக்கு வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா? பன்னண்டு அடிச்சா நான் சாப்பிடப் போயிடுவேன். அப்புறம் ராஜாவே வந்தாலும் ஒரு மணிக்குத்தான் திறப்பேன். ராஜாக்களை இந்த நாட்டுல என்ன பண்ணோம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க.”

அந்நாட்டின் நண்பகல் உணவின் பெருமையை யாரே அளக்க வல்லார்! அரசுகள் கவிழ்ந்ததுண்டு, ஆட்சிகள் மாறியதுண்டு; மதகுக்காரி ஒருத்தி பன்னிரண்டடித்த பின் ஷட்டரில் கைவைத்ததில்லை. இதை இருவீரரும் அறிந்திருந்தனர். அறிந்தும் அசைந்திலர்.

அந்த நேரத்தில்தான் நடுவே புகுந்தது விதி. வாடகைப் படகின் வடிவில் புகுந்தது. பிளாஸ்டிக்கால் ஆனது; சுற்றிலும் தடித்த கறுப்பு ரப்பர் கட்டியது; எதன்மேல் மோதினாலும் பந்தெனத் துள்ளி, மோதிய இடத்தை நலம் விசாரிக்காமல் செல்வது. அதில் லியோன் நகரத்துப் பல் டாக்டர்கள் ஒரு கூட்டம், அனைவருக்கும் கப்பல் தலைவன் தொப்பி, ஓட்டுபவர் யாரென்று அவர்களுக்கே உறுதியில்லை. கரையில் ஒன்று, நீலத்தின் பின்புறக் கம்பளி உறையில் மெதுவாய் ஒன்று என இரு முட்டு முட்டி, இரண்டு படகுகளுக்கும் நடுவே நெளிந்து, மதகுக்குள் நேரே பாய்ந்து, முன்னே போய் நின்றது அது.

“வழி விட்டதுக்கு ரொம்ப நன்றிங்க!” என்று கையசைத்தது பல் மருத்துவம்.

இப்பொழுது, கேளுங்கள், கிடங்கில் எஞ்சியது ஒரே இடம். அது எந்த இடம்? பின்னிடம்! தொட்டிலிடம்! பெயின்ட் பிழைக்கும் பேரிடம்! மேலும் ஒரு படகுக்கே அது போதும். மற்றது உணவுவேளை முடியும்வரை வெளியே காயவேண்டும். இருவரும் அதைக் கண்டனர். ஒருவரையொருவர் கண்டனர். அதுவரை பொழிந்த பணிவெல்லாம் கொதிசட்டியில் பட்ட நீர்த்துளியென மறைய, இரு எஞ்சின்களும் ஒருசேரக் கர்ச்சித்தன; கரும்புகை எழுந்து பாப்ளர் பஞ்சில் படிந்தது; வாத்துகள் வாழ்வில் முதன்முறையாக வழிவிட்டன; நாய் குரைப்பை நிறுத்திப் படுத்துக்கொண்டது.

“நான் வலப்பக்கம்!” என்று முழங்கினான் திபூர்ஸ். “வலப்பக்கம் வர்றவனுக்குத்தான் முன்னுரிமை! வண்டி ஓட்டுற குழந்தைக்கும் தெரியும்!”

அன்செல்மின் வேதம் அது. தலைமுறை தலைமுறையாய் மாணாக்கரின் காதில் அவன் ஓதியது அது. அதை மறந்து திரும்பிய ஒரு பெண்ணை நடுச்சாலையில் இறக்கி நடக்கவிட்டிருக்கிறான். அந்த வேதத்தின் முகத்தில் அன்று அவனே கதவடைத்தான்.

“அது ரோட்டுக்குய்யா! இது தண்ணி!”

“அப்ப முதல்ல வந்தவன்தானே முன்னால போகணும்? போயிருக்க வேண்டியதுதானே!”

“இப்பப் போறேன்ல!”

“அன்செல்ம், சுவர்!” என்று அலறியது சன்னல்.

மலையோடு மலை மோதியதென்பதா, யானையோடு யானை பொருததென்பதா? மதகின் வாய் ஒரு படகின் அகலம். நுழைந்தன இரண்டு. கிரீச்சென்ற பேரொலி கரையெங்கும் பரவ, நீலம் பச்சையில் ஏற, பச்சை நீலத்தில் இறங்க, கம்பளி உறைகள் நூல்நூலாய்ப் பிரிந்து நீரில் மிதக்க, ஒரு பூந்தொட்டி உருண்டு ‘சகோதரத்துவ’த்தின் மேல் உடைய, இரண்டு கலங்களும் ஒருபுறம் சாய்ந்து, ஆப்பு அறைந்தாற்போல் இறுகின. பின்னுக்கு இழுத்தார்கள், வரவில்லை. முன்னுக்குத் தள்ளினார்கள்; இன்னும் நன்றாய் இறுகிற்று. கண்ணியமும் சகோதரத்துவமும் தோளோடு தோள் நெரித்து, ஒன்றையொன்று நகரவிடாமல், பிரெஞ்சுக் குடியரசின் வாசலை அடைத்து நின்றன.

வில்ரோசே தேவாலயத்தில் பன்னிரண்டு அடித்தது.

கிஸ்லேன் கையுறையைக் கழற்றினாள். “கடப்பாரை கொண்டுவந்து நெம்பணும்,” என்றாள். “ஒரு மணிக்கு.” சிறிது தொலைவு சென்று திரும்பி, “ஆம்லெட்டுக்கு அப்புறம்,” என்றும் சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் மறைந்தாள். உள்ளே சிறைப்பட்ட பல் டாக்டர்கள் அதைச் சிறையென்றே அறியாமல் ரொட்டியை வெட்டத் தொடங்கினர்.

மிரேய் வெளியே வந்தாள். கையில் பைக்குள் சுற்றிய கேக், காலில் நடைச்செருப்பு. மதகின் ஏணியைப் பற்றினாள்.

“எங்க போறே?”

“சாப்பிட. நடந்தா கால் மணி நேரம்.”

“அவ்வளவு பக்கமா?”

“எப்பவும் அவ்வளவு பக்கம்தான். உனக்குத்தான் படகுல போகணும்.” ஏணியின் உச்சியில் நின்று குனிந்து பார்த்தாள். “உள்ள வாழைப்பழம் இருக்கு. அவருக்கும் ஒண்ணு குடு.”

போர்க்களத்தில் எஞ்சியோர் இருவர். திபூர்ஸ் குனிந்து தன் பச்சையின்மேல் படிந்த நீலத்தை விரலால் தொட்டான். அன்செல்ம் குனிந்து தன் நீலத்தின் நடுவே தலை முதல் வால் வரை ஓடிய பச்சைத் தழும்பைப் பார்த்தான். முகம் தெரிந்தது, நடுவில் ஒரு கோடு.

“நல்ல பெயின்ட்தான்,” என்றான் திபூர்ஸ், அழாக்குறையாக. “அப்படியே ஒட்டிக்கிச்சு.”

“உங்களதும்.”

அரைமணிப்பொழுது கழிந்ததும், கரைப்பாதையின் கோடியில், எருமையேறிய எமனென, சைக்கிள் ஏறிய சகலை தோன்றினான். சக்கரங்கள் சுழல, சட்டை பறக்க, ஒவ்வொரு மிதியிலும் நெருங்கி வந்தான் ரெஜிஸ். அன்செல்ம் நிமிர்ந்தான். ஓடி ஒளிய வழியிருந்தது, ஒளிந்திலன். உள்ளே போர்வை இருந்தது; எடுத்து மூடினானில்லை. கோழிக்கூண்டென்றால் என்ன சொல்வது, கிளிக்கூண்டென்றால் என்ன சொல்வது, இரண்டு கோழிக்கூண்டென்றால் என்ன சொல்வது என்று மூன்றுக்கும் விடை சமைத்து நாவில் ஏற்றிக்கொண்டு, தூக்குமேடையில் நிற்கும் வீரனென மார்பை நிமிர்த்தி நின்றான்.

ரெஜிஸ் பிரேக் பிடித்தான். மூச்சு வாங்கினான். படகைப் பார்த்தான்.

“உன்கிட்ட கார்க் திருகி இருக்காமே, மிரேய் சொன்னா. எங்களுது உடைஞ்சு போச்சு. மேசை நிறைய பாட்டில், ஒரு சொட்டு வெளியே வரல. கடைகண்ணியும் இன்னைக்குக் கிடையாது. சீக்கிரம் குடுப்பா.”

அன்செல்ம் காத்திருந்தான். வேறொன்றும் வரவில்லை.

“ரெஜிஸ்… படகைப் பார்த்தியா?”

“பார்த்தேனே. மாட்டிக்கிச்சு போல.”

“அது சரி. நிறம்?”

“நீலம்.” ரெஜிஸ் புருவத்தைச் சுருக்கி மறுபடி பார்த்தான். “எப்பவும் நீலம்தானே?”

அந்தோ! குளிர்காலமெல்லாம் கொண்ட தவமும், பூச்சின்மேல் பூச்சாய் ஏற்றிய மானமும், வேதத்தைத் துறந்து புரிந்த வெஞ்சமரும், நாவில் ஏந்திய மூன்று விடைகளும் தம்முள் ஒன்றையொன்று நோக்கி விக்கித்து நிற்க, பாப்ளர் பஞ்சு மெல்ல இறங்கி ஈரமற்ற நீலத்தில் படிய, பகைவனாகிய திபூர்ஸே வேறெங்கோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ள, வான்முகடு அதிர ஏதேனும் கூறுவான் என்று மூவுலகும் செவி தாழ்த்திக் காத்திருக்க, நிமிர்ந்த மார்பு நிமிர்ந்தபடியே இருக்க, நீலக்கலத்து நாயகன், நெடுந்தகை, வண்டியோட்டிகளின் தந்தை, ஒரு சொல்லும் உரையானாய்த் திரும்பி, சாய்ந்து கிடந்த தளத்தின்மேல் சாயாது நடந்து, குறுகிய படிகளில் தலை குனிந்து இறங்கித் தன் கலத்தின் இருண்ட உள்ளறைக்குள் புகுந்தான்.

திருகி இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.